பதினேழாம் தேதி பேப்பர்

பதிமூன்றே நாளில் முடிந்துபோன ஒரு சண்டைக்காக, வனிதாவின் புருஷன் பதினொரு மாதமாய் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அரிமளம் போய்க்கொண்டிருந்தான்.

வெற்றிசெல்வனுக்கு ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க நகல் எடுக்கிற மனுஷனுக்கு அசல் மேல்தான் பித்து. எழுபத்தொன்றில் சண்டை நடந்து பாகிஸ்தான் இரண்டாக உடைந்ததே, அப்போது அன்றன்றைக்கு வந்த தமிழ்ப் பேப்பர்களைத் தேடித்தேடிச் சேர்த்துவந்தான். டிசம்பர் நாலிலிருந்து பதினாறு வரை கிடைத்துவிட்டது. டாக்காவில் படை சரணடைந்த சேதியோடு வந்த பதினேழாம் தேதி பேப்பர் மட்டும் கண்ணில் படவே இல்லை.

அரிமளத்தில் முனியசாமி என்ற பழைய பட்டாளத்துக்காரர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். கிளம்பினவன்தான்.

ரெண்டு பஸ் மாறிப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவான். பெரியவர் கொடுத்தாரா என்று கேட்டால் "பாப்போம்" என்பான். ஒரு வாரம் அவர் டாங்கியைக் கவிழ்த்த கதை, மறுவாரம் ஆற்றைக் கடந்த கதை. அதை இவன் சொல்ல ஆரம்பித்தால் வனிதா மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

ஒரு பேப்பரைக் காட்டி அந்தக் கிழவர் தன் புருஷனை வாராவாரம் இழுத்தடிக்கிறார் என்று அவளுக்கு ஆத்திரம். அண்ணன் மகள் காதுகுத்துக்குக்கூட இவள் தனியாகத்தான் போய் நின்றாள்.

போன புதன்கிழமை ஆதார் அட்டையைத் தேடி பீரோவைக் குடைந்தபோது பேப்பர் கட்டு கைக்கு வந்தது. சும்மா எண்ணிப் பார்த்தாள். பதிமூன்று இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு இருந்தது. கடைசிப் பேப்பரின் தேதியைப் படித்தவள், அதைக் கையில் பிடித்தபடியே புருஷன் வருகிறவரை வாசலில் நின்றாள்.

வெற்றிசெல்வன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டாவது வாரமே குடுத்துட்டாரு" என்றான் மெதுவாக.

"அப்பறம் எதுக்குங்க போறீங்க?"

"மகன் சிங்கப்பூர்ல இருக்கான். மனுசன் ஒத்தையில கெடக்காரு. சண்டைக் கதை சொல்ல ஆரம்பிச்சா மொகத்துல அம்புட்டு வெளிச்சம். கெடச்சதும் நின்னுட்டா, வெறும் பேப்பருக்காகத்தான் வந்தேன்னு ஆயிராதா?"

 இத்தனை மாதம் அந்தப் பெரியவரை வாய்க்கு வந்தபடி திட்டியதெல்லாம் வனிதாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து வெற்றிசெல்வனுக்குக் காய்ச்சல். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பெரியவர் காத்துக்கொண்டிருப்பாரே என்று படுத்தபடி புலம்பினான். வனிதா குழிப்பணியாரம் சுட்டுத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு தானே பஸ் ஏறினாள்.

முனியசாமி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்கு, மடியில் ஒரு நோட்டு. வெற்றிசெல்வனுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வரமாட்டார் என்று அவள் சொன்னதும் நோட்டை மூடினார்.

"அடடா, நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா. அவசரமே இல்ல, ரெண்டு வாரம் கழிச்சுக்கூட வரட்டும்."

உட்காரச் சொன்னார். அவள் யார், என்ன என்று கேட்கவில்லை. பதினொரு மாதமாக அடக்கிவைத்திருந்ததைக் கொட்ட ஆள் கிடைத்த வேகத்தில் பேசினார். அவர் சண்டைக்கே போனதில்லையாம். அந்தப் பதிமூன்று நாளும் ஜபல்பூர் பட்டாளக் கிடங்கில் கோதுமை மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாராம். அந்தப் பேப்பர்கூட அவருடைய அப்பா எடுத்துவைத்ததுதான்.

"மொதநாளு ஒரு பெருமைக்கு டாங்கின்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் பேப்பரையும் குடுத்தாச்சு, இனி வரமாட்டாருன்னு இருந்தேன். மூணாவது வாரமும் வந்து நாற்காலிய இழுத்துப்போட்டு உக்காந்துட்டாரு. எத்தன டாங்கியத்தான் கவுப்பேன்? சொன்னதையே சொல்லிரக் கூடாதுன்னு நோட்டுல எழுதி வச்சுக்கிறேன். ஞாயித்துக்கெழமைன்னா கோயிலடியில ஆறு பேரு சீட்டு ஆடுவோம். அங்கிட்டுப் போயி பதினொரு மாசமாச்சு."

"வர வேணாம்னு சொல்லிரலாமேங்கய்யா" என்றாள் வனிதா.

பெரியவர் பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார்.

"எப்புடிம்மா சொல்றது? தங்கமான மனுசன். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாலும் எந்திரிக்க மாட்டேங்கறாரு. பாவம், வீட்டுல அவருகிட்ட மொகங்குடுத்துப் பேச ஒரு ஆள் இல்ல போலருக்கு."

சொல்லிவிட்டு, அப்போதுதான் பார்ப்பவர் மாதிரி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆமா, நீ அவருக்கு என்ன வேணும்மா?"

வனிதா பணியாரத் தூக்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பக்கத்து வீடுங்க" என்றாள்.