பேனாவால் எழுதிய விதி

"ஒரு வரிகூட எழுதாத ஆள் உங்க டீம்ல இருக்கார். விதி ஏழு. இப்படியே இருந்தா உங்க டீம் செல்லாது."

சொன்னவர் போட்டியை நடத்தும் நூலகர். கையில் சிவப்புப் பேனா, முகத்தில் சிரிப்பே இல்லை.

மணி நாலு நாற்பது. ஐந்து மணிக்குப் போட்டி முடிகிறது. நூலகத்தின் பெரிய ஹாலில் பன்னிரண்டு டீம்கள் காலையிலிருந்து தட்டோ தட்டென்று தட்டிக்கொண்டிருந்தன. ஊர் ஆஸ்பத்திரிக்குப் பயன்படுகிற ஓர் ஆப்பை ஒரே நாளில் எழுதி முடிக்க வேண்டும். அதுதான் ஹேக்கத்தான். ஜெயிக்கிற ஆப்பை அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் பயன்படுத்தப் போகிறார்கள்.

இந்த டீமில் மூன்றே பேர். புரோகிராமர் தம்பி, நர்ஸ் வேலை பார்க்கும் அவன் அக்கா, ஆம்புலன்ஸ் ஓட்டும் அக்காவின் வீட்டுக்காரர்.

"மேடம், எங்க மாமா டிரைவர்! அவர் என்னத்த எழுதுவார்?"

"அது எனக்குத் தெரியாது. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

நூலகர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சடித்த விதிகள் ஆறுதான். ஏழாவதை மட்டும் போட்டி தொடங்கும் முன் அந்த அம்மா பேனாவால் எழுதிச் சேர்த்தார். 'டீமில் ஒவ்வொருவரும் ஒரு வரியாவது எழுத வேண்டும்.' மைக்கில்கூட வாசித்தார். தம்பி அதைக் காதில் வாங்கினான், அதோடு சரி.

குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்பது இரண்டாவது விதி. அதற்காகத்தான் மாமாவைக் கூட்டி வந்ததே. காலையிலிருந்து மாமா பார்த்த வேலை, மூன்று தடவை டீ வாங்கியதும் ஒயரை மிதிக்காமல் நடந்ததும்தான்.

"மாமா, உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க. உங்க பேர்ல நானே ஒரு வரியைத் தட்டி விட்டுடறேன்."

"டேய், அது திருட்டுத்தனம்டா!" என்றாள் அக்கா.

"அப்ப ஆறு மாசக் கனவு அம்போவா?"

மாமா அவசரப்படவில்லை. குனிந்து திரையைப் பார்த்தார்.

"மாப்ளே, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவங்க போன்ல இதான் தெரியுமா?"

'வாகனம் 14 புறப்பட்டது. தூரம் 6.2 கி.மீ.' என்று மின்னிக்கொண்டிருந்தது.

"ஆமா மாமா. சூப்பரா இல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. இதைப் படிச்சிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

தம்பி திரையை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தான்.

"நகரு. நான் எழுதறேன்."

"விளையாடாதீங்க மாமா! ஒரு புள்ளி தப்பினாலும் மொத்தமும் படுத்துடும்!"

"பஞ்சரானாத்தானே மாப்ளே ஸ்டெப்னியைத் தேடுவாங்க? நகரு."

மாமா உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.

"இந்த 'ள' எங்கடி போய் ஒளிஞ்சிருக்கு?"

அக்கா விரலை நீட்டிக் காட்டினாள். மணி நாலு ஐம்பத்திரண்டு. நாலு ஐம்பத்தைந்து. தம்பி நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டான்.

மாமா கடைசி எழுத்தைத் தட்டினார். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழை காட்டியது.

"போச்சு! எல்லாம் போச்சு!" தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"உன் வரியெல்லாம் ரெண்டு சின்னக் கோட்டுல ஆரம்பிச்சு, ரெண்டு சின்னக் கோட்டுல முடியுது. என்னோடதுல கடைசிக் கோடு ரெண்டையும் காணோமே?"

அந்த மேற்கோள் குறியை அவரே போட்டார். சிவப்பு மறைந்தது. ஆப் ஓடியது!

மணி நாலு ஐம்பத்தெட்டு. நூலகம் என்றுகூடப் பார்க்காமல் அக்கா கத்தின கத்தலில் மற்ற பதினோரு டீமும் திரும்பிப் பார்த்தன.

நடுவராக வந்திருந்த டாக்டர் ஒவ்வொரு மேஜையாகச் சோதித்துக்கொண்டே வந்தார். இவர்கள் ஆப்பில் பட்டனை அழுத்தினார். போனில் மாமாவின் வரி வந்து விழுந்தது.

'கிளம்பிட்டேன், வாசல் லைட்டைப் போட்டுட்டு அவங்க பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்குங்க.'

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"லைட் எதுக்கு?"

"தெருவுக்குள்ள வந்தப்புறம் எந்த வீடுன்னு தேடறதுலதான் சார் நேரம் போகுது. லைட் எரிஞ்சா வாசல் தனியாத் தெரியும்," என்றார் மாமா.

"கையைப் பிடிச்சுக்கறது?"

"நான் போய்ச் சேர்ற வரைக்கும் அவங்களுக்கு வேற யார் சார் இருக்கா?"

டாக்டர் தாளில் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். அரை மணி கழித்து முதல் பரிசு யாருக்கு என்று மைக்கில் அறிவித்தபோது, மாமாவைத் தூக்கிச் சுற்றியது தம்பியேதான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கோப்பையும் கையுமாக நேராக நூலகரிடம் போய் நின்றான். நாலு நாற்பதிலிருந்து அடக்கி வைத்த கோபம் பாக்கி இருந்தது.

"பாத்தீங்களா மேடம்? எங்களை வெளியே தள்ளத்தானே அந்த ஏழாவது விதியைச் சேர்த்தீங்க? ஜெயிச்சுட்டோம்!"

நூலகர் சிவப்புப் பேனாவை மூடிப் பையில் வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"காலையில பேர் கொடுக்கற வரிசையில எனக்குப் பக்கத்துல நின்னு போன்ல பேசினீங்க. 'ஆள் கணக்குக்கு ஒரு ஸ்டெப்னி கூட்டிட்டு வந்திருக்கேன்'னு. உங்க பின்னாடியே நின்ன உங்க மாமா, காதுல விழாத மாதிரி சிரிச்சுக்கிட்டார் தம்பி. அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டுத்தான் நான் பேனாவை எடுத்தேன்."