பூவராகனின் எட்டாவது இன்டர்வியூ

"கதவு தொறந்ததும் இன்னா சொல்லுவீங்க?" தேவகி தூர்தர்ஷன் செய்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அஸ்தினாபுரம் வீட்டுக் கூடத்தில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான் அவள் கணவன் பூவராகன். விடிந்தால் கம்பெனியில் இன்ஜினியரிங் மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ.

"குட்மார்னிங்னு சொல்லுவேன்."

"அதைக் கொஞ்சம் சிரிச்சிகினு சொன்னா இன்னா? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கீது?"

"ஏழு இன்டர்வியூவுல பட்டது போதாதா தேவகி? அந்த ரூமை நெனைச்சாலே பேஜாரா கீது."

"இந்த வாட்டி அப்படி ஆவாது. நீங்க நீங்களாவே இருங்க, போதும்" என்று அவன் தலையைக் கோதிவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அறையின் கதவு திறந்தது. பூவராகன் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டான்.

பக்கத்தில் இருந்த ஜெனரல் மேனேஜர் சிரித்தார். "நீங்க ஏன் சார் எழுந்திருக்கறீங்க? நீங்க இப்ப ஒர்க்ஸ் மேனேஜர். கேள்வி கேக்கப்போறதே நீங்கதான்!"

வாசலில் ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

பூவராகன் தன் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான்.

"முதல்ல உக்காந்து தண்ணி குடிங்க சார். கேள்வி எங்கயும் ஓடிப்போயிடாது."