தூசி தட்டினால் போதும்

“இவ்ளோ பெரிய லேப்டாப்பை வச்சுக்கிட்டு இந்த மனுஷன் என்னதான் பண்றாரோ!”

அவள் முணுமுணுத்தது அடுத்த மேஜைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. லேப்டாப்பின் விசிறி அந்த இரைச்சல் இரைந்துகொண்டிருந்தது.

அடுத்த மேஜைக்காரருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஹெலிகாப்டர். சொந்தமாக வாங்கிய லேப்டாப் அது. சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினால் தோள் கழன்றுவிடும். சார்ஜர் மட்டுமே செங்கல் கனம்.

கட்டப்போகும் வீடுகளை முன்கூட்டியே படமாகக் காட்டும் அலுவலகம். வீட்டின் வெளிப்புறம் ஹெலிகாப்டருடைய பொறுப்பு, உள்ளறைகள் அவளுடையவை. வரைந்து முடித்து ஒரு பட்டனைத் தட்டினால், கம்ப்யூட்டர் வெயிலும் நிழலும் சேர்த்து அசல் போட்டோ போலத் தயாரித்துக் கொடுக்கும். இதற்கு ரெண்டரிங் என்று பெயர். அது முடியும்வரை கொட்டாவி விடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

அன்றைய படத்தைக் கொடுக்காமல் யாரும் கிளம்பக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. குழந்தைக் காப்பகமோ நாலரைக்குக் கதவைச் சாத்திவிடும். கணவனுக்கு வெளியூரில் வேலை. மூன்று வயது மகளை அழைத்துவர அவளை விட்டால் ஆளில்லை.

அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஆமை. இரண்டு முறை தாமதமாகப் போய் நின்றபோது, மகள் ஷூ போட்டு, பையை மடியில் வைத்து, வாசற்படியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்கோங்கம்மா” என்று காப்பகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் அலுவலகத்திலேயே போனில் கணவனிடம், “பேசாம வேலையை விட்டுடவா?” என்று அழுதாள். அழுத கோபத்தில் ஒரு பிரஷ்ஷை எடுத்துக் கம்ப்யூட்டரின் தூசியை எல்லாம் தட்டோ தட்டென்று தட்டினாள்.

என்ன ஆச்சரியம்! அடுத்த நாளே ஆமை குதிரையாகிவிட்டது. ஏழு மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அன்று முதல் ஐந்து மாதமாக, நாலு அடித்தால் அவள் படியில் இறங்கிக்கொண்டிருப்பாள். மகள் ஜன்னலிலேயே பார்த்துவிட்டு, “எங்கம்மா! எங்கம்மா!” என்று குதிப்பாள்.

அதிலிருந்து அலுவலகத்தில் அவள் உபதேசம் தாங்க முடியவில்லை.

“சார், உங்க லேப்டாப்பை அஞ்சு நிமிஷம் குடுங்களேன். பெரிய திரையில கலர் எப்படித் தெரியுதுன்னு பாத்துட்டுத் தந்துடறேன்” என்று ஒருநாள் ஹெலிகாப்டரிடம் கேட்டாள்.

“ஐயையோ, இப்ப வேண்டாம் மேடம். ரெண்டரிங் ஓடுது.” அவர் அவசரமாகத் திரையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஐந்து நிமிஷம் கொடுத்தால் தேய்ந்தா போய்விடும்?

“எப்பக் கேட்டாலும் ஓடுது! ஆனா நான் நாலு மணிக்குக் கெளம்பறேன். நீங்க ஆறு வரைக்கும் உக்காந்திருக்கீங்க. தூசி தட்டுங்க சார், தூசி தட்டினா போதும்!”

“அப்படியா மேடம்? எந்த மாதிரி பிரஷ் வாங்கணும்?” என்று அவர் சிரிக்காமல் கேட்டார்.

அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் பெண் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

இன்று காலையில் ஹெலிகாப்டர் வரவில்லை. கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருக்கிறார் என்றார்கள். ‘அப்பாடா, காதுக்கு விடுமுறை’ என்று அவளுக்குச் சந்தோஷம்.

இரண்டு மணிக்குப் பட்டனைத் தட்டினாள். திரையில் எழுத்து வந்தது. மீதி நேரம்: ஏழு மணி நேரம்.

பிரஷ்ஷை எடுத்துத் தட்டினாள். ஏழு ஏழாகவே நின்றது. மூன்று மணிக்கும் அது ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. வாசற்படியில் ஷூவோடு உட்கார்ந்திருக்கும் மகள் கண்ணுக்குள் வந்து நின்றாள். டெக்னீஷியனுக்குப் போன் போட்டாள்.

“ஏம்மா, சீக்கிரம் வாயேன்! என் கம்ப்யூட்டருக்கு என்னமோ ஆயிடுச்சு!”

டெக்னீஷியன் வந்து திரையைப் பார்த்தாள். வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தாள். இவளோ கண்ணீரும் பிரஷ்ஷுமாகக் கம்ப்யூட்டரை விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

பத்தே நிமிஷம். “ஓடுது! ஓடுது!” என்று கத்தினாள். ஆறு மணி நேரம் முக்கால் மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. “பாத்தியா! எல்லாம் தூசிதான்! நான் சொன்னா யாரு கேக்கறா?”

“அக்கா, கொஞ்சம் திரும்பிப் பாருங்க.”

அடுத்த மேஜையில் ஹெலிகாப்டர். ஒரு கன்னம் பந்தாக வீங்கி, வாய் நிறையப் பஞ்சு, மூன்று மாடி ஏறிவந்த மூச்சிரைப்பு. லேப்டாப்பின் விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

“உங்க கம்ப்யூட்டர் அஞ்சு மாசமா ஒரு படம்கூடப் பண்ணல அக்கா. நீங்க பட்டனைத் தட்டினா வேலை அவரு லேப்டாப்புக்குப் போற மாதிரி இணைச்சுக் குடுக்கச் சொன்னாரு. தெரிஞ்சா நீங்க கூச்சப்பட்டு வேண்டாம்பீங்களாம். உங்களோடது முடிஞ்சாத்தான் அவரோடது ஆரம்பிக்கும். அன்னைக்கு நீங்க லேப்டாப் கேட்டப்போ ஓடிக்கிட்டிருந்ததும் உங்க படம்தான்.”

அவள் தட்டுவதை நிறுத்தினாள். ஹெலிகாப்டர் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு, அவள் கையிலிருந்த பிரஷ்ஷைக் காட்டிச் சொன்னார்:

“நிறுத்தாதீங்க மேடம்... தட்டுங்க. நாலு மணிக்குப் பாப்பா ஜன்னல்ல நிக்கும்.”