பஹியாக்காரன் வாய்

"இதுக்குப் பேர் மொகேகாவா? மீனைக் குளிப்பாட்டின தண்ணி!"

வல்டெமிரோ போட்ட சத்தம் விழாத் திடல் முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுப்புக்கு முன்னால் நின்ற அவர் மனைவி நில்சேயா சிரிக்கவில்லை.

"பிடிக்கலைன்னா உங்க பஹியாவுக்கே போய்யா. அங்கதான் பனை எண்ணெயும் தேங்காய்ப்பாலும் ஊத்தி, உள்ள மீன் இருக்கிறதே தெரியாம ஆக்குவாங்க."

"உப்பாவது போட்டிருக்கலாம்ல?"

"போடுறேன், கரிச்சுத் துப்பு!" மூன்று விரலால் உப்பை அள்ளிக் கருப்பு மண்சட்டியில் தூவினாள்.

பஹியாவில் பிறந்துவிட்டு இந்த விட்டோரியாவில் பெண் எடுத்தால் இதுதான் கதி. மொகேகா என்கிற மீன்குழம்பு எங்களுடையது என்று இரண்டு ஊரும் காலங்காலமாக மல்லுக்கட்டுகின்றன. இவர்கள் வீட்டில் அந்தச் சண்டை ஒரே தட்டில் நடந்தது.

விழாத் தலைவி டோனா ஒதிலியா ஏற்கெனவே கொதித்துப்போய் இருந்தார். புனித பேதுரு திருநாள் என்றால் மீனவர் குடும்பங்கள் கூடிச் சாப்பிடுவது என்பது போய், இப்போது ராட்டினமும் பாட்டுக் கச்சேரியுமாகிவிட்டது. பக்கத்துக் கடை ஜுஸாரா அலுமினியச் சட்டியில் மீனை வேகவைத்து, மேலே பாலாடைக்கட்டியைத் துருவிப் போடுகிறாள். வெளியூர்க்காரர்கள் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். ஊருக்கே சமைக்கும் திருநாளின் பெரிய சட்டியையும் அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று விழாக் குழுவில் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். பல வருஷமாக நில்சேயா கையில் இருக்கும் சட்டி அது.

"படகு ஊர்வலம் திரும்புறதுக்குள்ள ரெண்டு பேர் சமையலையும் ருசி பார்த்து முடிவு சொல்லிடறேன்" என்றார் ஒதிலியா. "நாக்கு சரியில்லாதவ கையில அந்தச் சட்டி போகாது."

"நல்லாப் பாருங்க அக்கா" என்றாள் நில்சேயா. அந்தச் சட்டி இல்லாத திருநாளை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒதிலியா வல்டெமிரோ பக்கம் திரும்பினார். "நீங்க கடைக்கு முன்னால கட்டின கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க. பேதுரு சட்டிக்கு ஒரே நாக்குதான், சமைக்கிறவ நாக்கு. பக்கத்துல நின்னு அது நொட்டை இது நொட்டைன்னு சொல்ல ஆள் கிடையாது."

"நான் சும்மா நிக்கிறேனே, டோனா ஒதிலியா..."

"உங்களுக்கு நிக்கத் தெரியும். சும்மா இருக்கத் தெரியாது. போங்க."

வல்டெமிரோ மனைவியைப் பார்த்தார். பிறகு முகம் சுருங்கிப்போய்க் கயிற்றைத் தாண்டிக் கூட்டத்தில் நின்றார்.

நில்சேயா புதுச் சட்டி வைத்தாள். வெங்காயம், தக்காளி, அதன்மேல் காலையில் பிடித்த கொடுவாத் துண்டுகள், சிவப்பு விதை காய்ச்சிய எண்ணெய். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கரண்டி போட்டுக் கிளறவும் இல்லை, துணியால் சட்டியைப் பிடித்துக் குலுக்கினாள். கடைசியில் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடித் தலையாட்டினாள்.

"ஒதிலியா அக்காவுக்கு எடுத்துட்டுப் போகட்டா?" என்றார் உதவிக்கு நின்ற பெண்.

"இரு. முதல்ல அந்த ஆளு வாய்க்கு ஒரு கிண்ணம் குடு. இல்லைன்னா ஊரைக் கூட்டிடுவாரு."

கயிற்றருகே நின்று வல்டெமிரோ ஒரு வாய் சாப்பிட்டார். "உங்க ஊர்ல எலுமிச்சம்பழம் விலை ஏறிப்போச்சா?"

கூட்டம் ஓவென்று கத்தியது. "ஏறலைய்யா, இந்தா!" என்று அரைப் பழத்தைப் பிழிந்துவிட்டு, "இதையும் குடு அவருக்கு!" என்று இன்னொரு கிண்ணம் அனுப்பினாள்.

"கொத்தமல்லியைச் சட்டிக்குக் காட்டிட்டுத் திரும்ப எடுத்துட்டியா?"

ஒரு பிடி மல்லி சட்டியில் விழுந்தது. கோபத்தில் இவள் சமையலையே கெடுத்துவிடப் போகிறாளே என்று ஒதிலியாவுக்குப் பதறியது.

மூன்றாவது கிண்ணத்தை வல்டெமிரோ மெதுவாகச் சாப்பிட்டார். "ஏதோ... பசிக்குத் தின்னலாம்."

நில்சேயா அந்த நொடியே சட்டியை இறக்கினாள்.

ஜுஸாரா சமையலை முன்பே ருசி பார்த்திருந்த ஒதிலியா ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். கண் கலங்கிவிட்டது.

"இதுதான்டி. இந்த ருசி இருக்கிற வரைக்கும்தான் இது நம்ம திருநாள். சட்டி உன்னோடது." குரலைத் தாழ்த்தினார். "தங்கமான நாக்குடி உனக்கு. அந்த மனுஷனோட எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ! ஒரு நல்ல வார்த்தை வருதா அந்த வாயில?"

"பழகிப்போச்சு அக்கா" என்றாள் நில்சேயா.

படகுகள் திரும்பி, சட்டிகள் காலியாகி, கூட்டம் பாட்டுக் கச்சேரிப் பக்கம் போனது. புருஷனும் பெண்டாட்டியும் படகுத்துறையில் ஒரே கிண்ணத்தோடு உட்கார்ந்தார்கள்.

"இப்பச் சொல்லு" என்றாள். ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"முதல்ல எலுமிச்சை வருது. அப்புறம் மீனோட இனிப்பு. விழுங்கின பிறகு மல்லி வாசனை மட்டும் நிக்குது" என்றார் அவர். "எங்க ஊர்ல இப்படி ஒண்ணு கிடையாது. சத்தியமா."

"உப்பு?"

"சரியா இருக்கு நில்சே."

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போன வாசனையும் ருசியும் நில்சேயாவுக்கு இன்னும் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவள் சட்டிக்கு ருசி பார்ப்பது, ஊரறிய அவளைத் திட்டித் தீர்க்கும் அந்த பஹியாக்காரன் வாய்தான்.