ஞாயிறன்று நாட்டில் இல்லாதவள்

செண்பகவல்லியின் வேலை அனுமதி திங்கள் முதல் சனி வரை காலை ஆறு மணிக்கு உயிர் பெற்று, மாலை ஆறுக்கு உயிரை விடும். மணிக்கட்டில் மாட்டிய அனுமதிப் பட்டை பச்சையாக எரிந்தால்தான் சட்டப்படி அவள் அந்த நாட்டில் இருக்கிறாள். ஞாயிறு முழுக்க இல்லவே இல்லை. அப்படியானால் விடுதிக் கட்டிலில் படுத்திருப்பது யார் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

கோவில்பட்டியிலிருந்து வெளிநாட்டுக்கு லிஃப்ட் மெக்கானிக்காகப் போனவள். கடவாய்ப்பல் வலியில் ஒரு கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது. வேலை நேரத்தில் டாக்டரிடம் போக விடமாட்டார்கள். வேலை முடிந்தபின் போனாலோ மருத்துவமனைக் கதவு, "தாங்கள் தற்போது நாட்டில் இல்லை" என்று மரியாதையாகச் சொல்லும். மூன்று முறை போய்த் திரும்பிவிட்டாள்.

அந்த ஞாயிறு மேலாளர் தேவசகாயம் போனில் பதறினார்.

"ஏம்மா, முதலாளி லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டாரு. ஓடி வா!"

"நான்தான் நாட்டுலயே இல்லையே சார்."

பக்கத்துக் கட்டில் பொன்னுத்தாய் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காதை நீட்டினாள்.

"விளையாடாத. அனுமதிய ரத்து பண்ணிருவேன்!"

"அணைஞ்சு கிடக்குறத எப்படி சார் ரத்து பண்ணுவீக? மொதல்ல எரிய விடுங்க."

தேவசகாயம் அவசரமாக எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பட்டை பச்சையாக எரிந்தது.

"ஓடுடி!" என்றாள் பொன்னுத்தாய்.

ஓடத்தான் செய்தாள், லிஃப்ட்டுக்கு எதிர்த்திசையில். மருத்துவமனைக் கதவு பணிவாகத் திறந்தது.

தேவசகாயம் ஏழு முறை கூப்பிட்டார். பல் டாக்டர் முன்னால் வாயை ஆவென்று திறந்து வைத்திருப்பவள் எப்படிப் பதில் சொல்வாள்? முதலாளிக்கென்ன குறை? லிஃப்ட்டுக்குள் விசிறி ஓடுகிறது. அவர் ஞாயிற்றுக்கிழமையும் நாட்டில் இருப்பவர்.