மதிலுக்கு வெளியே மேளம்

அவள் கிளமென்ட்டின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பை புடைத்திருந்தது. டிக்கெட்டாக இருக்குமோ?

விசிலாகவும் இருக்கலாம். தெருப் பெண் பிள்ளைகளின் ஃபுட்பால் டீமுக்கு அவன்தான் கோச். இருந்தாலும் இன்றைக்கு யாரை நம்புவது?

புது ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. வெளியே, மதிலோரம், மேளங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வியாசர்பாடிக் கூட்டம் சும்மா நின்றது.

பழைய மைதானத்தில் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் சிமெண்ட் படிக்கட்டு. ஐம்பது ரூபாய். இங்கே அதே இடத்துக்கு நானூறு. நாற்காலி போட்டிருக்கிறார்களாம். நாற்காலியை யார் கேட்டது? பிறந்ததிலிருந்து நின்றே ஆட்டம் பார்த்த ஜனம்!

விலை இறங்கும்வரை ஒருத்தரும் உள்ளே போவதில்லை. பந்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். மீறினால், அந்த வீட்டில் யாரும் இனித் தெரு டீமின் பந்தைத் தொடக் கூடாது.

அவள் மகள் அந்த டீமில் ரைட் விங். பந்து இல்லாவிட்டால் அவளுக்கு மூச்சே கிடையாது.

சத்தியம் செய்து என்ன பிரயோஜனம்? ஸ்டேடியத்து ஆள் டீக்கடைக்கே வந்து தூண்டில் போட்டான். மேளம் அடிக்கிறவர்களுக்கு டிக்கெட் இலவசம், மேளமும் அவர்களே தருவார்கள், டி-ஷர்ட் வேறு. டிவியில் சத்தம் கேட்க வேண்டுமாம். அந்த ஆளோடு கிளமென்ட் நின்று டீ குடித்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

காலையில் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள்.

"இன்னா பேசுன அவன்கிட்ட?"

"வெலய கொறைங்கன்னு சொன்னேங்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

"டீக்கு யாரு காசு குடுத்தது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அது போதாதா? சாயங்காலத்துக்குள் அவன் பக்கத்தில் நிற்க ஆளில்லை. தண்ணீர் பாட்டில்கூட அவனைத் தாண்டித்தான் கை மாறியது.

அவள் புருஷன் எத்திராஜ் வரவில்லை. "வெளிய நின்னு சொவத்தயா பாக்கறது?" என்று முணுமுணுத்துவிட்டு, ஏர்போர்ட் சவாரி இருக்கிறதென்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மேளத்தை அவள்தான் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆட்டத்தைப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது, பாவம்.

உள்ளே ஆட்டம் தொடங்கும் விசில் கேட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் கூச்சல். கல்யாண வீட்டில் கரண்ட் போன மாதிரி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்லா வேணும்.

அப்போது உள்ளே மேளம் கேட்டது.

ஒன்றல்ல, ஏழெட்டு மேளம். யாரோ போய்விட்டார்கள். கண்கள் எல்லாம் கிளமென்ட்டைத் தேடின. அவன் இங்கேதான் நின்றான். நின்றால் என்ன, ஆளை அனுப்பியிருப்பான் என்று நினைத்தாள்.

உள்ளே மேளம் ஏறியது. எதிரணி கோல்கீப்பர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகரும்போது மெல்ல ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போவார்கள். அவன் உதைத்த நொடியில் அத்தனை மேளமும் சட்டென்று நின்றுவிட வேண்டும். இந்தக் கூட்டத்தின் வழக்கம் அது.

நின்றது.

பிறகு ஒரே ஒரு அடி. டம்.

நிறுத்தத் தெரியாத கை. தெருவே கேலி செய்கிற கை. 'எத்திராஜு ஒண்ணு எக்ஸ்ட்ரா' என்று வாண்டுகள்கூடச் சொல்லிச் சிரிக்கும்.

அவள் மதிலில் காதை வைத்துக் கேட்டாள்.

இருக்காது. ஏர்போர்ட்டுக்கல்லவா போயிருக்கிறான்.

மறுபடியும் ஏறியது. நின்றது.

டம்.

கூட்டத்துக்குப் பெரியவர் தாஸ் அண்ணன். அவர்தான் முதலில் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யாராவது ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை.

காலையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்ட வாய், இப்போது திறக்கவில்லை. மகளின் முகம்தான் கண்முன்னால் வந்தது. நாளைக்கு அவளிடம் என்ன சொல்வது?

உள்ளே மூன்றாவது முறையும் மேளம் ஏற ஆரம்பித்தது.

கிளமென்ட் நடுவில் வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை. தன் மேளத்தை வயிற்றுக்கு இழுத்துக்கொண்டு, உள்ளே ஏறுகிற அடியோடு சேர்ந்து அடித்தான். வேகமாக, இன்னும் வேகமாக. உள்ளே நின்றது. அவனும் நிறுத்தினான்.

டம்.

இந்த முறை அந்த ஒற்றை அடியை அடித்தது கிளமென்ட். உள்ளேயும் ஒன்று விழுந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

"இந்த எக்ஸ்ட்ரா அடி இப்ப எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சுண்ணே," என்றான். "யார் வேணா அடிக்கலாம்."

தாஸ் அண்ணன் அவன் எதிரில் வந்து நின்றார்.

"ஓ. நீதான் கத்துக்குடுத்து உள்ள அனுப்பினியா?"

கிளமென்ட் தரையைப் பார்த்தான்.

"வாயத் தொறந்து சொல்லுடா. நாளைலேர்ந்து புள்ளைங்களுக்குக் கோச்சு நீ இல்ல, தெரியுமில்ல?"

அவன் மேளத்தின் வாரைச் சரிசெய்துகொண்டான்.

கூட்டம் அவளைப் பார்த்தது. அவனை முதலில் எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டவள் அவள்தானே. இப்போதும் அவளே பேசட்டும் என்று வழிவிட்டு நின்றார்கள்.