மூன்றாவது முடிச்சு

"மூண்டு முடிச்சக்கா. நான் எண்ணினனான். மூண்டையும் போட்டிட்டார்."

இன்பமலர் மூன்று விரல்களை நீட்டிக் காட்டினாள். மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த ஒப்பனைக் கொட்டிலில், ராசகுமாரி வேட உடுப்பைக்கூடக் கழற்றாமல், மறுகையால் சட்டைக் கழுத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். வெளியே, விடிய விடியக் கூத்துப் பார்த்த சனம் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"மெல்லக் கதையடி" என்றாள் உடுப்புகளுக்குப் பொறுப்பான சீலா. "பொம்பிளைப் பிள்ளை மேடை ஏறினதெண்டு தெரிஞ்சாலே உன்ர அப்பர் தோலை உரிப்பார். இதில முடிச்சு வேறயோ?"

கூத்தில் பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். ராசகுமாரியாக ஆடியவன் இன்பமலரின் அண்ணன்; பெயர் பற்றிக். கடைசிக் காட்சிக்கு முன் அவன் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டான். அந்தக் காட்சியில் ராசகுமாரி சாபத்தால் கல்லாகியிருப்பாள். பாட்டில்லை, ஆட்டமில்லை, கண்ணைத் திறக்கவும் கூடாது. கடலோடு போன ராசா திரும்பி வந்து, அரசவை நடுவே, சிலைக்குப் பின்னால் நின்று தாலி கட்டுவார். மூன்றாவது முடிச்சில் கல்லுக்கு உயிர் வரும்.

சும்மா இருந்தால் போதும் என்று சீலாதான் இவளுக்கு முக்காடு போட்டு மேடையில் இருத்தினாள்.

"மேடையில மூண்டாவது முடிச்சு ஒருத்தரும் போடுறதில்லை. கையை மட்டும் காட்டுவினம்" என்றாள் சீலா. "அது கடலோட போன அந்த உண்மையான ராசாவுக்கு விட்டு வைச்சது எண்டு கூத்துப் பழக்கிற அண்ணாவியார் எத்தினை தரம் சொன்னவர். ராசாவா ஆடின மைக்கலுக்குத் தெரியாதோ?"

"தெரியும். அதுதான் பயமாக் கிடக்கு. நானெண்டு தெரிஞ்சுதான் போட்டவரோ?"

"பயமோ, ஆசையோ?"

இன்பமலர் குனிந்துகொண்டாள். "ரெண்டும். வாற மாசம் அவருக்கு நிலாவெளியில கலியாணம். கட்டினதைக் கட்டேல்லை எண்டு நான் எப்பிடியக்கா இருப்பன்?"

"தகரத் தாலியடி. கழட்டி எறி."

"ஏலாது. நகம் பிய்யிற மாதிரி இழுத்தும் அவிழேல்லை. அவர்ர கை கிணத்துத் தண்ணி மாதிரிக் குளிர்ந்தது. என்ர முதுகெல்லாம் ஈரம் வடிஞ்சது."

"வேர்வை. வெள்ளைக்கார நேவி விட்டிட்டுப் போன திரைச்சீலையில தைச்ச ராசா உடுப்பு. அதுக்குள்ள ஆரெண்டாலும் வேர்ப்பான்."

படலை திறந்தது. கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதி கலைந்த அரிதாரத்தோடு மைக்கல் நின்றான். இன்பமலரைக் கண்டதும் அவன் வாய் பிளந்தது.

"நீயோ? அப்ப மேடையில இருந்தது பற்றிக் இல்லையோ?"

இன்பமலருக்குக் கண் கலங்கியது. அவனுக்குத் தெரியவே இல்லை. இந்த முடிச்சு அவளுக்கென்று போட்டதில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லிப் போடாத, மைக்கல்" என்றாள் சீலா. "நீயும் நல்ல வேலை பாத்திருக்கிறாய். அண்ணாவியாருக்குத் தெரிஞ்சால் என்ன சொல்லுவார்?"

"காட்டிக் குடுத்திடாதேங்கோ, அக்கா. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான்." மைக்கல் தலையைச் சொறிந்தான். "அவசரத்தில இதை உடுப்புக்குள்ளயிருந்து எடுக்க மறந்திட்டன். வெறுங்கையை ஆட்டிச் சமாளிச்சனான். நல்ல காலம், சனம் கவனிக்கேல்லை."

இடுப்பிலிருந்து மஞ்சள் நூலில் கோத்த தகரத் தாலியை எடுத்துச் சீலாவின் கையில் வைத்தான்.

சீலா தாலியைப் பார்த்தாள். பிறகு இன்பமலரைப் பார்த்தாள்.

இன்பமலர் சட்டைக் கழுத்திலிருந்து மெல்லக் கையை எடுத்தாள். உள்ளே கிடந்ததை விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்தாள். பச்சைப் பாசி படிந்த, கனத்த பொன். அதிலிருந்து இன்னும் கடல் நீர் சொட்டியது.

"அப்ப நான் ஆருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறன், அக்கா?"